அம்மா நேர்ந்துவிட்ட பிள்ளைக்குச் சுயசித்தம் உண்டா?

நாகை மாவட்டத்துக் கடைமடைக் கிராமம் ஒன்றிலிருந்து ஏழு பக்கக் கடிதம் வந்திருக்கிறது. எழுதியவருக்கு 23 வயது. ஆள் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அம்மா, ஆறு வயது அக்கா, இரண்டு வயதுப் பிள்ளையான இவர், மூன்று பேரும் வேளாங்கண்ணியில் காலைப் பூசை பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள். சுனாமி அலை வந்தபோது அம்மாவின் ஒரு கையில் அக்கா, இன்னொரு கையில் இவர். இரண்டு கையும் விட்டுப்போயிற்று. ஒரு கடையின் இரும்புத் தூணைக் கட்டிக்கொண்டு, "மாதாவே, ஒரு பிள்ளையையாவது திருப்பிக் கொடு, உன் கோவிலுக்கே விட்டுவிடுகிறேன்" என்று அம்மா கத்தியிருக்கிறார். மதியத்துக்கு மேல் முன்பின் தெரியாத ஒருவர் இவரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்த்தார். அக்கா கிடைக்கவே இல்லை.

அன்றிலிருந்து வீட்டிலும் தெருவிலும் இவர் 'குட்டிச்சாமி'. 17 வயதில், குருவாவதற்குப் படிக்கும் குருமடத்தில் சேர்ந்தார். பட்டப்படிப்பும் தத்துவமும் முடித்து, இப்போது ஒரு பங்குக் கோவிலில் ஓராண்டுக் களப்பயிற்சியில் இருக்கிறார். அடுத்தது இறையியல். ஆனால் அங்கியின் கழுத்துப் பட்டனைப் போடும்போதெல்லாம் மூச்சு முட்டுகிறது, விலகிவிடலாமா என்று தோன்றுகிறது என்கிறார். அம்மாவோ குருப்பட்டத்துக்கு வெள்ளியில் பூசைப் பாத்திரம் வாங்குவதற்காக மாதாமாதம் நகைச்சீட்டு கட்டுகிறார். "நேர்ந்துவிட்ட ஆட்டை யாரும் அடிக்க மாட்டார்கள், நன்றாகத் தீனி போடுவார்கள். எங்கே போகிறோம் என்று ஆட்டுக்குத் தெரியாது, எனக்குத் தெரிகிறது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். கேள்வி இதுதான்: "கடவுள் மனிதனுக்குச் சுயசித்தத்தை, தானே முடிவெடுக்கும் உரிமையை, கொடையாகத் தந்தார் என்று ஞாயிறு மறைக்கல்வியில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு மட்டும் அது இல்லையா? பேச்சு வராத வயதிலேயே அம்மா என்னைக் கொடுத்துவிட்டார். கொடுத்ததைத் திரும்ப எடுத்தால் அது திருட்டுத்தானே?"

அன்புள்ள தம்பி,

ஏழாம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் எழுதி அழிக்கப் பார்த்த ஒரு வரி இருக்கிறது. சரியாக அழியவில்லை. "கடலைப் பார்த்தால் அன்றைக்கே போயிருக்கலாம் என்று தோன்றுகிறது." மற்ற கேள்விகள் ஒரு மாதம் காத்திருக்கும். இது காத்திருக்காது. அந்த நினைப்பு அடுத்த முறை வரும்போது தனியாக இருக்காதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி மனஸ்) இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, நேரில் போய்ப் பாருங்கள். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய பாவங்களின் வரிசையில் சேர்த்திருக்கிறீர்கள். கூட இருந்தவர் போய், தான் மட்டும் பிழைத்துக்கொண்டவர்கள் பலருக்கும் வருகிற வேதனை இது. இதற்கு வைத்தியம் உண்டு.

நான் மனநல ஆலோசகர். கீழே வரும் சட்ட எண்களைத் திருச்சபைச் சட்டம் படித்த ஒரு குருவிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன்.

நேர்ச்சை யாருடையது?

அம்மா உங்களைக் கொடுத்துவிட்டார், அதனால் நீங்கள் மாதாவின் சொத்து, விலகினால் திருட்டு என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். திருச்சபையே இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாது. இப்போது நடப்பில் உள்ள 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் 1191-ஆம் எண்ணை எடுத்துப் பாருங்கள். நேர்ச்சை என்பது ஒருவர் தெரிந்து, சுதந்திரமாகக் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு. அடுத்து 1193: நேர்ச்சை, அதைச் செய்தவரை மட்டுமே கட்டும். வாக்குக் கொடுத்தது அம்மா, கட்டுப்பட்டவரும் அம்மாதான். ஊரில் நிலம் வாங்கி விற்பதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். பத்திரத்தை எவ்வளவு உருக்கமாக எழுதினாலும், பட்டா அடுத்தவர் பெயரில் இருந்தால் கிரயம் செல்லுமா? இரண்டு வயதிலும் உங்கள் மனதின் பட்டா உங்கள் பெயரில்தான் இருந்தது. படைத்தவர் எழுதிக் கொடுத்தது அது.

இன்னொன்றையும் திருத்த வேண்டும். "அம்மா பயத்தில் நேர்ந்துகொண்டார், பயத்தில் செய்தது செல்லாது என்று எங்கோ படித்தேன்" என்கிறீர்கள். பாதிதான் சரி. ஒருவரை நியாயமில்லாமல் மிரட்டி, அந்தப் பெரும் பயத்தில் செய்யவைத்த நேர்ச்சையைத்தான் சட்டம் செல்லாது என்கிறது. கடல் யாரையும் மிரட்டி வாக்கு வாங்கவில்லை. அதனால் அம்மாவின் நேர்ச்சையை ஒன்றுமில்லை என்று ஊதித் தள்ளாதீர்கள். அவர் மனசார நேர்ந்தது அது. அவரைப் பொறுத்தவரை அதற்கு ஒரு கனம் இருக்கிறது.

(தரங்கம்பாடி நண்பர் ஒருவர் 'மனுஷனுக்குச் சுயசித்தமே கிடையாது, லூத்தர் சொல்லியிருக்கிறார்' என்று உங்களைக் குழப்பியதாக எழுதியிருந்தீர்கள். 1525-ல் எராஸ்மஸ் என்ற அறிஞருக்கு மறுப்பாக, புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் அப்படி எழுதியது உண்மை. ஆனால் மனிதன் சொந்த பலத்தால் மீட்படைய முடியுமா என்பதுதான் அங்கே வழக்கு. வீடு, வாசல், தொழில் போன்ற அன்றாடக் காரியங்களில் மனிதனுக்கு விருப்பம் உண்டு என்பதை அவரும் மறுக்கவில்லை. இதில் ஒரு வேடிக்கை. 1505-ல் இடிமழையில் மாட்டிக்கொண்டு, "புனித அன்னம்மாளே காப்பாற்று, நான் துறவியாகிறேன்" என்று கத்தியவர் இதே லூத்தர். அங்கே நேர்ந்துகொண்டது பிள்ளை, கோபப்பட்டது அப்பா. உங்கள் வீட்டில் அப்படியே மாறிக் கிடக்கிறது.)

சரி, கொடுத்த வாக்கை அம்மா என்ன செய்வது? அதற்கும் வழி இருக்கிறது. 1196-ஆம் எண்படி, நியாயமான காரணம் இருந்தால் பங்குத்தந்தையே இந்த மாதிரித் தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விடுவிக்கலாம். ஆயர் வரைக்கும் போக வேண்டியதில்லை. 1197-ஆம் எண்படி, நேர்ந்தவரே அதற்குச் சமமான அல்லது மேலான வேறொரு நற்செயலாக அதை மாற்றிக்கொள்ளலாம். அதைவிடக் குறைந்த ஒன்றாக மாற்றுவதென்றால் மட்டும் பங்குத்தந்தையிடம் கேட்க வேண்டும்.

அன்னா தைத்த அங்கி

இதையெல்லாம் சொன்னால் அம்மா சாமுவேலின் தாய் அன்னாவைக் காட்டுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். காட்டட்டும். அந்தக் கதையை முழுக்கப் படியுங்கள். அன்னா பிள்ளையை நேர்ந்தார், சீலோ ஊர்த் திருத்தலத்தில் கொண்டுபோய் விட்டார், ஆண்டுதோறும் சின்னதாக ஓர் அங்கி தைத்து எடுத்துக்கொண்டு போனார். இவ்வளவும் தாய் செய்தது. அதோடு சாமுவேல் இறைவாக்கினர் ஆகிவிடவில்லை. ஓர் இரவு கடவுளே அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது. அவனோ தன்னை வளர்த்த ஏலிதான் கூப்பிடுகிறார் என்று மூன்று முறை எழுந்து ஓடினான். நான்காவது முறைதான், "பேசும், உம் அடியான் கேட்கிறேன்" என்று அவன் வாயால் பதில் வந்தது. அந்தப் பதிலை அன்னா சொல்லவில்லை, ஏலியும் அவனுக்காகச் சொல்லவில்லை.

சாமுவேல் கடவுளின் குரலை வளர்த்தவரின் குரல் என்று நினைத்தான். நீங்கள் பெற்றவளின் குரலைக் கடவுளின் குரல் என்று நினைத்து இருபது வருடமாக எழுந்து எழுந்து ஓடுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. களைப்பாகத்தானே இருக்கும்?

அதே விவிலியத்தில் யாரும் அதிகம் புரட்டாத ஒரு பக்கம் உண்டு. லேவியர் நூல், 27-ஆம் அதிகாரம். ஆளைக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டால் ஆளுக்குப் பதிலாக எவ்வளவு வெள்ளி கட்டலாம் என்று அங்கே விலைப்பட்டியலே இருக்கிறது. ஒரு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள ஆண்பிள்ளைக்கு ஐந்து செக்கேல் வெள்ளி. ஒரு செக்கேல் பதினோரு கிராம் சொச்சம் என்பார்கள், மொத்தம் அறுபது கிராமுக்குள் அடங்கிவிடும். நம் பக்கத்துப் பாட்டிமாருக்கும் இது தெரிந்த சங்கதிதான். தக்காத பிள்ளையைக் கோவிலில் 'விற்று'விட்டு, தவிடோ சில்லறையோ கொடுத்துத் திரும்ப வாங்கி வருவார்கள். 'தவிட்டுக்கு வாங்கின பிள்ளை' என்ற பேச்சே அதிலிருந்து வந்ததுதான். கொடுத்தேன் என்ற நன்றியும் நிற்கும், பிள்ளையும் வீட்டுக்கு வரும்.

இதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. அம்மா யாரைக் கூப்பிட்டு நேர்ந்தாரோ, அந்த மரியாவின் கதை எப்படித் தொடங்குகிறது? வானதூதர் வந்து செய்தியைச் சொல்கிறார். மரியா, "இது எப்படி நடக்கும்?" என்று திருப்பிக் கேட்கிறார். தூதர் விளக்குகிறார். மரியா, "உம் சொற்படியே ஆகட்டும்" என்ற பிறகுதான் அவர் புறப்பட்டுப் போகிறார். அதுவரை நிற்கிறார். சின்ன ஊரில் ஓர் இளம் பெண்ணிடம் சம்மதம் கேட்டுவிட்டுக் கடவுள் காத்திருந்தார் என்பதுதான் நம் விசுவாசம். அப்படிக் கேட்கப்பட்டவர், கேட்கப்படாத பிள்ளையைக் கணக்கில் வரவு வைத்துக்கொள்வாரா? "உன்னைக் கேட்காமல் உன்னைப் படைத்தவர், நீ இல்லாமல் உன்னை மீட்கமாட்டார்" என்ற பொருளில் புனித அகுஸ்தீன் ஒரு மறையுரையில் சொன்னதும் இதைத்தான்.

"எல்லாம் முன்பே தெரியும் என்றால்?"

நான் என்ன செய்வேன் என்று கடவுளுக்கு முன்பே தெரியும் என்றால் என் விருப்பம் எங்கே என்று கேட்டு ஒன்றரைப் பக்கம் செலவழித்திருக்கிறீர்கள். தத்துவம் படித்தவர், செலவழிப்பீர்கள். கல்லணையில் விட்ட தண்ணீர் உங்கள் ஊர் மடைக்கு என்றைக்கு வரும் என்று உங்கள் அப்பா நாள் சொல்வார், பெரும்பாலும் தப்பாது. அவர் சொன்னதால் தண்ணீர் வருவதில்லை. ஆனால் இந்த உவமை பாதி தூரம்தான் வரும். தண்ணீருக்கு விருப்பம் இல்லை, அப்பாவும் கடவுள் இல்லை. ஏறக்குறைய கி.பி. 524-ல், சிறையில் சாவை எதிர்பார்த்துக்கொண்டிருந்த போயித்தியுஸ் என்ற தத்துவஞானி சொன்ன பதில் இன்னும் கொஞ்சம் தூரம் போகும். கடவுள் முன்கூட்டிப் பார்ப்பதில்லை, எல்லாக் காலமும் அவருக்கு 'இப்போது'. நீங்கள் நடப்பதை நான் ஜன்னலிலிருந்து பார்ப்பதால் உங்கள் கால் என் பிடியில் வந்துவிடாது. இதற்கு மேல் இறையியல் வகுப்பில் கேளுங்கள், போவதாக இருந்தால்.

இருப்பதா, விலகுவதா

விலகு என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்லப்போவதில்லை. நான்காம் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். பங்கில் யாருமில்லாத ஒரு பாட்டி இறந்த இரவு, சவப்பெட்டி வரும்வரை நீங்கள் தனியாக உட்கார்ந்து செபமாலை சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் அடித்தல் திருத்தல் எதுவுமே இல்லை, கையெழுத்தும் நிதானமாக இருக்கிறது. அங்கே அம்மா இல்லை. உங்களுக்கு உண்மையிலேயே அழைப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அம்மா சொன்னார் என்று போவதும் அம்மா சொன்னார் என்பதற்காகவே போகாமல் இருப்பதும் ஒரே மாதிரிதான். இரண்டிலும் முடிவு எடுப்பவர் அம்மா. நம் ஊர்ப் பேச்சில் சுதந்திரம் என்றால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுவது என்று ஆகிவிட்டது. அறுத்துக்கொண்டு ஓடின மாடு எங்கே போய் நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததில்லை.

அதனால் முதலில் ஓராண்டு விடுப்புக் கேளுங்கள். இறையியலுக்குப் போகும் முன் இப்படிக் கேட்பது புதிதும் இல்லை, அவமானமும் இல்லை. யாரிடம் முதலில் சொல்வது என்று பயப்படுகிறீர்கள். குருமடத்தில் உங்கள் ஆன்மிக வழிகாட்டியான ஆன்மகுருவிடம் சொல்லுங்கள். குருப்பட்டத்துக்குச் சேர்ப்பதிலோ குருமடத்திலிருந்து அனுப்புவதிலோ ஆன்மகுருவின் கருத்தையும், பாவசங்கீர்த்தனம் கேட்பவரின் கருத்தையும் ஒருபோதும் கேட்கக் கூடாது என்று 240-ஆம் எண் தடுத்திருக்கிறது. அவரிடம் பேசியது குருமட அதிபரின் மேசைக்குப் போகாது. மனம் தெளிந்த பிறகு அதிபரிடம் நீங்களே போங்கள்.

விலகினால் என்ன ஆகும்? ஊர் பேசும். 'குருமடத்திலிருந்து திரும்பி வந்தவன்' என்ற பட்டம் கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டு இருக்கும், பெண் பார்க்கும்போது யாராவது அதை இழுப்பார்கள். வேலை தேட வேண்டும், நல்லவேளையாகக் கையில் ஒரு பட்டம் இருக்கிறது. இதெல்லாம் சிரமம்தான், தாங்கக்கூடிய சிரமம். நீங்கள் இன்னும் எந்த வார்த்தைப்பாடும் கொடுக்கவில்லை, இப்போது எழுந்து வருவதற்கு யாருடைய அனுமதிப் பத்திரமும் தேவையில்லை. குருவான பிறகு மணத்துறவிலிருந்து விடுபட வேண்டுமென்றால் திருத்தந்தை ஒருவரால்தான் முடியும்.

மனமில்லாமல் தொடர்ந்தால் வருவதுதான் எனக்குக் கவலை. குருப்பட்டத்துக்கு முந்தைய படியான திருத்தொண்டர் பட்டத்துக்கு முன் நீங்கள் கைப்பட ஒரு தாள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்: யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், என் சொந்த விருப்பத்தில், சுதந்திரமாக இந்தப் பட்டத்தைப் பெறுகிறேன் என்று. 1036-ஆம் எண் அதைக் கேட்கிறது. அச்சடித்த படிவம் போதாது, உங்கள் கையெழுத்தில் வேண்டும். யாரையும் எந்தக் காரணத்துக்காகவும் எந்த விதத்திலும் கட்டாயப்படுத்திக் குருவாக்கக் கூடாது என்று 1026-ஆம் எண் சொல்கிறது. இன்றைக்கு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அந்த வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். எழுதும்போது கை எப்படி இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

17 வயதில், சேர்க்கை நேர்காணலில், "என் விருப்பத்தில்தான் வந்தேன்" என்று சொன்ன பொய் இன்னும் உறுத்துகிறது என்கிறீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டின் 1735-ஆம் எண்ணை வாசியுங்கள். அறியாமை, வற்புறுத்தல், பயம், பழக்கம் இவையெல்லாம் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும், சில நேரம் இல்லாமலே ஆக்கிவிடும் என்கிறது. சுயசித்தம் கொடை என்று சொல்கிற அதே திருச்சபைக்கு, அந்தக் கொடை எந்தெந்தச் சூழ்நிலையில் நசுங்கும் என்பதும் தெரிந்திருக்கிறது. மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

அம்மா

2005-ல் நாகையில் தற்காலிகக் குடியிருப்புகளுக்குப் பேசப் போன ஆலோசகர்களில் நானும் ஒருத்தி. அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் சுனாமியில் இறந்திருந்தார்கள். பெண்கள் என்னிடம், கடவுள் ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்டது குறைவு. "எந்தக் கையை முதலில் விட்டேன்னு ஞாபகமே வரலியே" என்று ஒரு தாய் வலது கையையும் இடது கையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

உங்கள் அம்மாவும் இரண்டு கையிலும் பிள்ளை வைத்திருந்தவர். ஒன்று திரும்பியது, ஒன்று திரும்பவில்லை. ஏன் என்பதற்கு அவரிடம் இருக்கிற ஒரே பதில் அந்த நேர்ச்சை. 'நான் கேட்டேன், மாதா கொடுத்தாள், நான் கொடுக்கிறேன்.' நீங்கள் விலகினால் உடைவது உங்கள் குருத்துவம் இல்லை, அந்தப் பதில். அப்புறம் அவர் அன்றைய காலையோடு தனியாக நிற்க வேண்டும். அவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவர் இன்னும் அந்த இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டிருப்பதாகத்தான் தெரிகிறது.

இதனால் நீங்கள் குருவாகித்தான் தீர வேண்டும் என்று ஆகாது. அம்மாவின் துக்கத்துக்கு மருந்தாக ஒரு பிள்ளையின் ஆயுளைக் கொடுக்க முடியாது, கொடுத்தாலும் தீராது. ஆனால் சொல்லும் விதத்தில் கவனம் வேண்டும். போனில் சொல்லாதீர்கள். டிசம்பரில் வேண்டாம், செப்டம்பர் 8 திருவிழாச் சமயத்திலும் வேண்டாம். 'உன் நேர்ச்சை செல்லாது' என்று ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். எண்களெல்லாம் உங்களுக்குத்தான், அவருக்கில்லை. கடலோரத்தில் என்ன நடந்தது என்று அவரை முதலில் சொல்லவிடுங்கள். உங்களிடம் முழுக்கச் சொன்னதே இல்லையாமே, மாமா சொல்லித்தான் உங்களுக்குத் தெரியும் என்கிறீர்கள்.

அதன் பிறகு இருவருமாகப் பங்குத்தந்தையிடம் போங்கள். நேர்ச்சையிலிருந்து விடுவிப்பதா, வேறொன்றாக மாற்றுவதா என்று அவர் அம்மாவிடம் கேட்கட்டும், அம்மா பதில் சொல்லட்டும். அந்தச் சீட்டு வெள்ளி இருக்கிறதே, அது பாத்திரமாகவே போகலாம். கோவிலில் எந்தக் குருவும் அதில் பூசை வைக்கலாம். லேவியர் கேட்ட அளவைவிட அது நிச்சயம் கூடுதலாகத்தான் இருக்கும்.

பங்குத்தந்தையின் பங்களாவை விட்டுக் கிளம்பும் முன் அக்காவுக்காக ஒரு பூசை எழுதிக் கொடுங்கள். வீட்டில் அவள் பெயரை யாரும் சொல்வதில்லை என்றீர்கள். ஏழு பக்கத்திலும் நீங்களும் 'அக்கா' என்றே எழுதியிருக்கிறீர்கள். பூசைக்கருத்துச் சீட்டில் பெயர் எழுத வேண்டும். பேனாவை அம்மாவிடம் கொடுங்கள்.